நிமிர்ந்து உட்கார்ந்தால் போதுமா?

"கூனாதே, நிமிர்ந்து உட்கார்!" வகுப்பில் ஆசிரியரும் வீட்டில் பாட்டியும் நம்மிடம் அடிக்கடி சொல்வது இது. உடனே நிமிர்கிறோம். சிறிது நேரத்தில் முதுகு மறுபடியும் வளைந்துவிடுகிறது. இதற்குச் சோம்பல்தான் காரணமா? முதுகின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இவற்றின் இடையே 23 வட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வட்டின் வெளிப்புறமும் உறுதியான நார் வளையம். நடுவில் நீர் நிறைந்த கூழ் போன்ற பொருள். வண்டிக்கு வில் எப்படியோ, அப்படியே உடலுக்கு இந்த வட்டுகள்.

பகல் முழுவதும் உடலின் எடை அழுத்துவதால் வட்டுகளிலிருந்து சிறிது நீர் கசிகிறது. இரவில் படுத்திருக்கும்போது அந்த நீர் திரும்ப ஊறுகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காலையில் எழுந்தவுடன் சுவரோடு ஒட்டி நின்று உயரத்தைக் குறியுங்கள். இரவு படுக்கப் போகுமுன் மறுபடியும் குறியுங்கள். ஏறத்தாழ 1 செ.மீ. குறைந்திருப்பதைக் காண்பீர்கள்!

வட்டின் உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது? 1960-களில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் வட்டினுள் ஊசியைச் செலுத்தி இதை அளந்தார். நிற்பதைவிடச் சாய்மானமின்றி உட்காரும்போது அழுத்தம் மிகுதி என்று கண்டார். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டில் சிறிய அளவியைப் பொருத்தினர். நிற்கும்போது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 5 மடங்கு. இயல்பாக உட்காரும்போது நாலரை மடங்கு. உட்கார்ந்தபடி நன்றாக முன்னே குனிந்தபோது 8 மடங்கு! உட்காருவது பற்றி இரு ஆய்வுகளும் மாறுபட்டாலும், முன்னே குனிந்தால் அழுத்தம் ஏறும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

காரணம் நெம்புகோல் தத்துவமே. நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பது எளிது. கையை நீட்டிப் பிடித்தால் தோள் வலிக்கிறது. அதுபோல, குனியும்போது தலையும் மார்பும் முன்னே செல்கின்றன. அவற்றை முதுகுத் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுவிசையும் சேர்ந்து வட்டுகளை அழுத்துகிறது.

அப்படியானால் விறைப்பாக நிமிர்ந்தே இருந்துவிடலாமா? அதுவும் இயலாது. இடைவிடாமல் சுருங்கியிருக்கும் தசை களைத்துப்போகும். அதனால்தான் முதுகு தானாகவே தளர்கிறது. ஆகவே முதுகுக்கு வேண்டியவை இரண்டு: தாங்குதல், அசைவு.

முதலில் தாங்குதல். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியட்டும். எட்டாவிட்டால் ஒரு பலகையைப் போடுங்கள். இடுப்பின் உட்குழிவில் மடித்த துண்டு ஒன்றை வைத்து நாற்காலியில் சாயுங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருப்பது நல்லது. புத்தகத்தைச் சாய்வாக நிறுத்தினால் கழுத்து குனிய வேண்டியதில்லை. கணினித் திரையையும் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். தரையில் அமர்ந்து படிப்பவர்கள் மடித்த போர்வையின்மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொள்ளலாம்; புத்தகத்தை மடியில் வைக்காமல் சிறு சாய்வு மேசையில் வைக்கலாம்.

அடுத்தது அசைவு. எவ்வளவு நல்ல நாற்காலியாக இருந்தாலும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். தண்ணீர் குடிக்கப் போங்கள். கைகளை உயர்த்திச் சோம்பல் முறியுங்கள். பாடத்தை நடந்துகொண்டே ஒப்பியுங்கள். ஒருநாள் கூனி உட்கார்ந்ததால் முதுகு கோணிவிடாது. ஆனால் வலி பல நாள் நீடித்தாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேர்வுக்காக நேர அட்டவணை போடுகிறீர்கள் அல்லவா? கணக்குக்கும் அறிவியலுக்கும் நடுவே, எழுந்து நடப்பதற்கும் ஐந்து நிமிடம் எழுதிவிடுங்கள்.