பழைய கைத்தொலைபேசிக்கு ஏற்ற செயலிகளைத் தெரிவு செய்தல்

கமக்காரர் பலரிடம் வாங்கி ஏழெட்டு ஆண்டுகள் கடந்த கைத்தொலைபேசியே இன்றும் உள்ளது. பேசுவதற்கும் படம் பிடிப்பதற்கும் அதிற் குறைவொன்றுமில்லை. ஆயினும் புதிய செயலியொன்றை இறக்க முயலும்போது, அச்செயலி இத்தொலைபேசிக்குப் பொருந்தாது என்னும் அறிவித்தல் தோன்றுகின்றது. அதனைக் கண்டு கடன்பட்டுப் புதிய தொலைபேசி வாங்குவோரும் உளர்; எங்கிருந்தோ கிடைத்த செயலியைப் பதித்து வங்கிப் பணத்தை இழப்போரும் உளர். இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

குளத்தில் நீர் குறைவாயின், மூன்றரை மாத நெல்லாகிய பிஜி 352 ஐ விடுத்து மூன்று மாத நெல்லாகிய பிஜி 300 ஐ விதைக்கின்றீர்கள். நீருக்கு ஏற்ற இனம் போன்றதே தொலைபேசிக்கு ஏற்ற செயலியும்.

பொருந்தாமைக்குக் காரணம்

தொலைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள் பெரும்பாலான தொலைபேசிகளில் அன்ட்ரொயிட் ஆகும். அதன் புதிய பதிப்பு ஆண்டுதோறும் வெளிவருகின்றது. தொலைபேசியைச் செய்த நிறுவனமோ சில ஆண்டுகளின் பின் பழைய தொலைபேசிகளுக்குப் புதிய பதிப்பை வழங்குவதில்லை. செயலி செய்வோரும் மிகப் பழைய பதிப்புகளைக் காலப்போக்கிற் கைவிடுகின்றனர். 2023 ஒக்டோபர் 24 முதல் அன்ட்ரொயிட் 5.0 க்கு முந்திய பதிப்புகளில் வட்ஸ்அப் இயங்குவதில்லை. 2025 ஓகஸ்டில் வந்த குரோம் 139, அன்ட்ரொயிட் 10 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பையே வேண்டி நிற்கின்றது.

செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் தொலைபேசியின் பதிப்பை அறிந்துகொள்ளுங்கள். செட்டிங்ஸ் பகுதியின் இறுதியில் 'தொலைபேசியைப் பற்றி' என்பதைத் திறந்தால் அன்ட்ரொயிட் பதிப்பின் இலக்கம் தெரியும். அதனையும் எஞ்சியுள்ள சேமிப்பிடத்தின் அளவையும் குறித்து வையுங்கள்.

2. அதே செட்டிங்ஸ் பகுதியில் மென்பொருட் புதுப்பித்தல் ஏதும் காத்திருக்கின்றதா எனப் பாருங்கள். இருப்பின், மின்கலத்தை நன்கு ஏற்றிய பின்னர் அதனைப் பதியுங்கள்.

3. செயலிகளைப் பிளே ஸ்டோரில் மட்டுமே தேடுங்கள். செயலியைச் செய்தவர் பழைய பதிப்பை அங்கு விட்டு வைத்திருந்தால், உங்கள் தொலைபேசிக்கு ஏற்ற பதிப்பே இறங்கும்.

4. 'லைட்' எனப் பெயர் பெற்ற சிறிய செயலிகள் உளவாயின் அவற்றைத் தெரிவு செய்யுங்கள். அவை குறைந்த இடத்தையே கொள்வன. மெதுவான இணைப்பிலும் இயங்குவன. 2015 இல் வந்த பேஸ்புக் லைட் இத்தகையது.

5. செயலி கிடையாதவிடத்து இணைய உலாவியைப் பயன்படுத்துங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை முன்னறிவித்தலையும், ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் வெளியிடும் மரக்கறி விலைகளையும் அவற்றின் இணையத்தளங்களிற் பார்ப்பதற்குத் தனிச் செயலி வேண்டியதில்லை. தளம் பாதுகாப்பற்றது என எச்சரிக்கை தோன்றினால், முதலில் தொலைபேசியிலுள்ள திகதியும் நேரமும் சரியானவையா எனப் பாருங்கள்.

தவிர்க்க வேண்டியவை

இப்போது இயங்கும் பழைய செயலியை அழித்துவிடாதீர்கள். விதைநெல்லை உண்டவர் விதைப்புக் காலத்தில் வருந்துவது போல, அழித்த செயலியை மீண்டும் இறக்க இயலாது வருந்த நேரிடலாம். இடம் போதாதாயின், படங்களை வேறோரிடத்திற் சேமித்துவிட்டுத் தொலைபேசியிலுள்ளவற்றை நீக்குங்கள்.

குறுஞ்செய்தியிலோ வட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பின் மூலம் எச்செயலியையும் பதியாதீர்கள். பசளை மானியம், நட்டஈடு என்றெல்லாம் அதிற் கூறப்பட்டிருக்கலாம். அத்தகைய செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் பார்க்க அனுமதி கேட்கும். நீங்கள் இணங்கினால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண்ணும் அயலார் கைக்குப் போய்ச் சேரும். ஒரு போகத்து உழைப்பு ஒரு நிமிடத்தில் மறைந்துவிடக்கூடும்.

தொலைபேசியின் பதிப்பு விபரத்துடன் பாதுகாப்புப் புதுப்பித்தலின் திகதியும் பெரும்பாலும் காணப்படும். அத்திகதி பல ஆண்டுகள் பிந்தியிருப்பின், அத்தொலைபேசியில் வங்கிச் செயலியை வைத்திருத்தல் தகாது. பணக் கொடுக்கல் வாங்கலை வங்கிக் கிளையிலேயே செய்யுங்கள். மழை, விலை, நோயுற்ற பயிரின் படம் ஆகியவற்றுக்கு அது தொடர்ந்து பயன்படட்டும்.

எச்செயலியும் இயங்காதபோது

நெல்லில் எரிபந்த நோயோ கபில நிறத் தத்தியோ தோன்றினால், செயலியைத் தேடிக் காலத்தைப் போக்காதீர்கள். 1920 என்னும் இலக்கத்தை அழைத்து விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம். இதற்குப் பொத்தான் தொலைபேசியே போதும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் தொலைபேசி இலக்கத்தையும் இன்றே குறித்து வையுங்கள். தொலைபேசியில் மட்டுமன்றி, வீட்டு நாட்காட்டியிலும் எழுதி வையுங்கள்.