அமைதியும் அச்சமும்: நெருக்கடி நிலை திருச்சபைக்கு விடுக்கும் வினா

மங்கலம்பேட்டைப் பகுதியில் சபையின் முதியோரிடம் 1975-77 நெருக்கடி நிலையைப்பற்றி வினவினால், விலைவாசி அடங்கியிருந்ததென்றும், விருத்தாசலம் சந்திப்பில் இரயில்கள் நேரத்திற்கு வந்தனவென்றும் கூறக் கேட்கிறோம். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. அடக்குமுறை எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தட்டப்படாத வீட்டார் அதனை அமைதியென எண்ணுவதே அதன் வலிமை.

1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. மிசாச் சட்டத்தின்கீழ் எதிர்க்கட்சியினர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். இதனை எதிர்த்த தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டபின், தமிழகத்திலும் கைதுகள் பெருகின. சென்னை மத்திய சிறையில் கைதிகள் அடிக்கப்பட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் வெளிப்படுத்தியது. அங்குத் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் மறைந்தார். காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு கொண்டு நீதிமன்றத்தை அணுகவியலாது என 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவருள் நீதிபதி கன்னா ஒருவரே மாறுபட்டார்.

மக்களின் மறுமொழி ஒரேவிதமாக இருக்கவில்லை. கட்டாயக் கருத்தடையையும் குடிசை அகற்றத்தையும் கண்ட வடஇந்தியா, 1977 மார்ச் தேர்தலில் ஆட்சியைப் புறக்கணித்தது. தமிழகத்திலோ 39 இடங்களில் 34 இடங்களைக் காங்கிரசு இடம்பெற்ற கூட்டணி பெற்றது. இங்கு அடி பெரும்பாலும் கட்சிக்காரர்மீது விழுந்தமையால், அது அவர்கள் விவகாரமாகவே கருதப்பட்டது எனலாம்.

திருச்சபையும் அவ்வாறே கருதிற்றோ? யூஹானோன் மார்த்தோமா பேராயர் பிரதமருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார், எம். எம். தாமஸ் இடைவிடாது எழுதினார். தலைவர் பலர் மௌனம் காத்தனர். ரோமர் 13ஆம் அதிகாரம் அம்மௌனத்திற்கு அரணாயிற்று. ஆனால் பவுலடியார் அதிகாரியை நன்மை செய்யும் ஊழியன் என்றே காண்கிறார். ஆகவே அப்பகுதி கீழ்ப்படிதலை மட்டுமன்றி, அதிகாரத்தை அளக்கும் கோலையும் நம் கையில் தருகிறது. விசாரணையற்ற சிறையை அக்கோலால் அளக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையைக் காக்க நீதிமன்றத்தை நாட வழிசெய்தது. சட்டம் அரண், காவலரோ மக்களே. எனவே முதியோரிடம் இரயிலைப்பற்றி மட்டும் வினவாதிருப்போம். யார் சிறை சென்றார்? அவர் வீட்டாரை எந்தப் போதகர் சென்று கண்டார்? இவ்வினாவிற்கு அடுத்த தலைமுறை நம்மைக் குறித்து என்ன விடை கூறும்?