தலைப்பிரசவ அச்சம்: மனவிழிப்புப் பயிற்சி எந்த அளவுக்கு உதவும்?

முதல் முறையாகக் கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு உடலில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் புதியது. இந்தக் களைப்பு இயல்பானதா, குழந்தையின் அசைவு போதுமானதா, பிரசவ வலியைத் தாங்க இயலுமா என்ற கேள்விகள் எழும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் முன்னனுபவம் இல்லை. இந்தப் பதற்றத்தைத் தணிக்கும் வழியாகப் பேசப்படுவது ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனப்படும் மனவிழிப்புப் பயிற்சி. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்து பழகுவது தாய்க்கும் சேய்க்கும் நல்லது.

கேட்கப்படாத கேள்வி

உலகளவில் கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதத்தினரும், அண்மையில் பிரசவித்த பெண்களில் 13 சதவீதத்தினரும் மனச்சோர்வு முதலான மனநலப் பாதிப்புகளுக்கு உள்ளாவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. வளரும் நாடுகளில் இது முறையே 15.6 சதவீதமாகவும் 19.8 சதவீதமாகவும் உள்ளது.

மாதாந்திரப் பரிசோதனையில் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவை தவறாமல் பார்க்கப்படுகின்றன. ஆனால் “மனம் எப்படி இருக்கிறது?” என்ற கேள்வி பல நேரங்களில் விடுபட்டுப் போகிறது. நாட்டின் பல பகுதிகளில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது வழக்கம். அது ஓய்வு தரும். எனினும், பழகிய மருத்துவரை மாற்றுவதும் கணவரைப் பிரிந்திருப்பதும், ‘ஆணா, பெண்ணா’ என்ற உறவினரின் எதிர்பார்ப்பும் சிலருக்குச் சுமையாகின்றன.

பயிற்சி என்பது என்ன?

பௌத்த தியான மரபில் வேர்கொண்ட இம்முறையை, சமயச் சார்பற்ற 8 வார மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சியாக 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியவர் ஜான் கபாட்-ஜின். அதனைப் பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் ஏற்றவாறு பின்னர் வடிவமைத்தவர் நான்சி பார்டக் என்ற பேறுகாலச் செவிலியர்.

எண்ணங்களை விரட்டுவது இதன் நோக்கமன்று. ‘குழந்தைக்கு ஏதேனும் ஆகிவிடுமோ’ என்ற அச்சம் எழும்போது, அது ஓர் எண்ணமே என்று அடையாளம் கண்டு, கவனத்தை மீண்டும் மூச்சுக்குக் கொண்டுவருவதே பயிற்சி. பிரசவ வலி இடைவெளி விட்டு வருவது. அடுத்த வலியை எண்ணி அஞ்சாமல், கிடைக்கும் இடைவெளியில் உடலைத் தளர்த்திக்கொள்ள இப்பழக்கம் துணைபுரியும்.

ஆய்வு சொல்வது

குழந்தையின் எடை குறையும் அபாயம் அதிகமுள்ள 1,221 கர்ப்பிணிகளிடம் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள், ‘ஜாமா’ மருத்துவ இதழில் 2021-ஆம் ஆண்டு வெளியாயின. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 21.9 சதவீதக் குழந்தைகள் கர்ப்பகாலத்துக்குரிய எடையைவிடக் குறைவாகப் பிறந்தன. மனவிழிப்பு அடிப்படையிலான மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சி பெற்ற பிரிவில் இது 15.6 சதவீதமாக இருந்தது. அபாயம் அதிகமுள்ள பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு என்பதால், இம்முடிவு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

தொடங்குவது எப்படி?

முதுகுக்குத் தாங்கல் உள்ள நாற்காலியில் அமர்ந்தோ, ஒருக்களித்துப் படுத்தோ 5 முதல் 10 நிமிடங்கள் பயிலலாம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் நெடுநேரம் மல்லாந்து படுப்பதைத் தவிர்க்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. அது இயல்பாக வந்து போவதைக் கவனித்தால் போதும். மனம் அலைவது தோல்வியன்று. அலைந்ததை உணர்ந்து திரும்புவதுதான் பயிற்சி. முன்பு கருச்சிதைவு போன்ற இழப்பைச் சந்தித்த சிலருக்குக் கண்மூடி அமரும்போது கலக்கம் கூடலாம். அவர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுவது நலம்.

எல்லை எது?

ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, பார்வை மங்கல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றை ‘மனப் பதற்றம்’ என்று ஒதுக்கிவிட்டுத் தியானத்தில் அமரக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மனநலத்துக்காக ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது.

சோகமோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவைப்படலாம். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி-மானஸ்’ மனநல உதவிச் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் அணுகலாம், தமிழிலும் பேசலாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு நடைபெறும் இலவசப் பரிசோதனையின்போதும் மனநிலை குறித்து மருத்துவரிடம் தயங்காமல் தெரிவிக்கலாம்.

கர்ப்பிணி பத்து நிமிடம் அமைதியாக அமர வேண்டுமானால், அந்த நேரத்தில் அடுப்படி வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும். பயிற்சி அவருடையது, அதற்கான நேரத்தை ஒதுக்கித் தருவது குடும்பத்தின் பொறுப்பு.