சிறகுக் குடை

சித்திரை மாத வெயில். மனிதர்கள் நிழல் தேடி ஒதுங்கும் நேரம். அந்த வெயிலில் ஒரு நாரை கூட்டில் நிற்கிறது. இரண்டு சிறகுகளையும் விரித்தபடி நிற்கிறது. ஏன் தெரியுமா? சிறகின் நிழலில் அதன் குஞ்சுகள் இருக்கின்றன. தாயும் தந்தையும் மாறி மாறி இப்படிக் குடை பிடிக்கின்றன.

இந்தக் காட்சியைக் கர்நாடக மாநிலத்தில் பார்க்கலாம். அங்கே மாண்டியா மாவட்டத்தில் பறவைகள் கூடு கட்டும் இரண்டு இடங்கள் உள்ளன. பக்கத்தில் மைசூரு நகரில் ஓர் ஏரியும் உள்ளது. மூன்றையும் ஒரே நாளில் பார்த்து வரலாம்.

காலை: கொக்கரே பெள்ளூர்

இது மத்தூருக்கு அருகில் உள்ள சிற்றூர். கன்னடத்தில் கொக்கரே என்றால் நாரை. இங்கே பறவைகள் ஊருக்குள்ளேயே கூடு கட்டுகின்றன. வீடுகளுக்குப் பக்கத்தில் உள்ள புளிய மரங்களிலும் அரச மரங்களிலும் கூடுகளைப் பார்க்கலாம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளிர்காலத்தில் வருகின்றன. குஞ்சு பொரித்து வளர்க்கின்றன. மழைக்காலம் தொடங்கும்போது கிளம்பிவிடுகின்றன.

கூடு உள்ள மரத்தில் ஏறிப் புளி உலுக்க முடியாது. புளி விற்றால் பணம் வரும். ஆனாலும் ஊரார் பறவைகளை விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்புகிறார்கள். பறவையின் எச்சம் வயலுக்கு நல்ல உரமாகிறது. புளி நட்டத்துக்கு வனத்துறை ஈட்டுத்தொகை தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. 2007ஆம் ஆண்டு இந்த ஊர் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

நடுப்பகல்: ரங்கனதிட்டு

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில் காவிரி ஆற்றுக்குள் சிறு சிறு திட்டுகள் உள்ளன. அவற்றில் பறவைகள் கூடு கட்டுவதைப் பறவை அறிஞர் சாலிம் அலி கண்டார். இந்த இடத்தைக் காக்கும்படி மைசூர் மன்னரிடம் எடுத்துச் சொன்னார். 1940ஆம் ஆண்டு இது சரணாலயம் ஆயிற்று.

இங்கே படகில் போய்ப் பறவைகளைப் பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். நத்தை பிடிக்க அந்த அலகு உதவுகிறது. கரண்டிவாயன் தட்டையான அலகைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் வீசி இரை தேடும். பாறைகளில் முதலைகள் வெயில் காயும்.

ஆற்று ஆலா என்ற பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறையிலேயே முட்டை இடுகிறது. ஆற்றின் மேல்பகுதியில் கிருஷ்ணராஜசாகர் அணை உள்ளது. அங்கிருந்து திடீரென்று அதிகத் தண்ணீர் வந்தால் பாறை முழுகும். முட்டைகள் அடித்துச் செல்லப்படும்.

மாலை: குக்கரஹள்ளி ஏரி

இது மைசூரு நகருக்குள் இருக்கிறது. மக்கள் ஏரிக்கரையில் நடக்க வருகிறார்கள். நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் பிடிக்க வருகின்றன. ஏரியில் கழிவுநீர் கலந்தால் மீன் சாகும். மீன் இல்லாத ஏரிக்கு இந்தப் பறவைகள் வருவதில்லை.

பறவை பார்க்கப் போகிறவர்கள் குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். தலைக்குத் துண்டோ தொப்பியோ வேண்டும். இன்னொன்றும் முக்கியம். கூடு உள்ள மரத்தை நெருங்கக் கூடாது. கத்தக் கூடாது, கல் எறியக் கூடாது. பயந்த பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும். சிறகு இல்லாத இளம் குஞ்சு வெயிலில் வாடும். சிறிது நேரத்தில் இறந்தும் போகலாம்.

கொக்கரே பெள்ளூர் மக்கள் பறவைகளுக்காகப் புளியை விட்டுக்கொடுத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் தள்ளி நின்று அமைதியாகப் பார்த்தால் போதும்.