எரிவாயுத் தொட்டிக்குள் வீடுகள்

ஒரு காலத்தில் எரிவாயு நிரம்பியிருந்த தொட்டிகளுக்குள் இன்று குடும்பங்கள் வசிக்கின்றன. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் சிம்மரிங் பகுதியில் உள்ள கேசோமீட்டர் கட்டடங்கள்தான் அவை.

1896 முதல் 1899 வரை கட்டப்பட்ட நான்கு செங்கல் உருளைகள். ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர் உயரம். 90,000 கன மீட்டர் எரிவாயு கொள்ளும். நிலக்கரியிலிருந்து எடுத்த அந்த வாயுதான் அன்று நகரத்தின் தெருவிளக்குகளை எரித்தது. பின்னர் இயற்கை எரிவாயு வந்தது. 1980-களில் தொட்டிகளின் வேலை முடிந்தது.

ஆனால், பாதுகாக்கப்பட்ட சின்னமாக 1978-லேயே அறிவிக்கப்பட்டதால் இவற்றை இடிக்க முடியாது. எனவே உருளைக்கு ஒருவராக நான்கு கட்டடக்கலைத் தரப்பினரிடம் இவற்றை மாற்றியமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற ஜான் நூவெல் அவர்களில் ஒருவர். வெளிச்சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே புதுக் கட்டடம் எழுப்பினார்கள். உள்முற்றங்கள் வழியாக வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது.

2001-இல் பணி முடிந்தது. 600-க்கும் மேற்பட்ட வீடுகள், மாணவர் விடுதி, இசை அரங்கு, நகர ஆவணக் காப்பகம் எல்லாம் இன்று அங்கே உள்ளன. வாசலிலேயே மெட்ரோ ரயில் நிலையமும் உண்டு; அதன் பெயரும் கேசோமீட்டர்தான்.