பழைய கனரக இயந்திரம்: வாங்குமுன் சிந்திப்போம்

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயா முதலிய பகுதிகளில், இரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்ட காலந்தொட்டே இயந்திரங்களுக்கு வேலை உண்டு. ஆகவே, தோட்டத் தொழிலாளர்களுள் சிலர் ஒன்றுகூடிப் பழைய டிராக்டரோ மண்வாரி இயந்திரமோ வாங்கிக் குத்தகை வேலை எடுக்க எண்ணுகின்றனர். சொந்தக் காலில் நிற்க விழையும் அவ்வெண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும், அதற்கு முதலாவது பெரும்பாலும் 55 வயதில் கைக்கு வரும் ஊழியர் சேமநிதிப் பணம். அது கரைந்தால் மீண்டும் வாராது.

பழைய இயந்திரங்களை நம்பி அரசாங்கமே இடருற்றதுண்டு. 1947ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் கிழக்காப்பிரிக்காவின் தங்கனீக்காவில் காடழித்து நிலக்கடலை பயிரிட முற்பட்டது. புதிய டிராக்டர்கள் கிடைக்காமையால், பிலிப்பீன்ஸில் போருக்குப் பின் எஞ்சிய அமெரிக்க இராணுவ இயந்திரங்களை வாங்கிற்று. சில மாதங்களுக்குள் இறக்குமதியான டிராக்டர்களுள் மூன்றில் இரண்டு பங்கு பழுதுற்று நின்றன. உதிரிப் பாகங்களும் தேர்ந்த பழுதுபார்ப்போரும் போதவில்லை. வேறு தவறுகளும் சேர, 1951இல் திட்டம் கைவிடப்பட்டது. பல கோடிப் பவுன் வீணாயிற்று. நிபுணர்களையுடைய அரசாங்கத்திற்கே இக்கதி எனில், நாம் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

முதலாவது, உரிமை. விற்பவர் உண்மையான உரிமையாளர்தாமா? கடன் நிலுவை உண்டா? 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, தமக்கில்லாத உரிமையை ஒருவர் பொதுவாகப் பிறருக்கு விற்றுவிட இயலாது. பணம் கொடுத்த பின்னரும் இயந்திரத்தை இழக்க நேரலாம். இயந்திரத்தில் பொறித்த எண்ணும் பத்திரத்திலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, நிலை. ஓடிய மணியைக் காட்டும் கருவியை மாற்றிவிடலாம். தேய்ந்த மிதிகட்டையும் இருக்கையும் பொய் சொல்லா. புதுச் சாயத்தின் கீழ் வெல்டிங் செய்த விரிசல் மறைந்திருக்கும். குளிர்ந்த நிலையில் இயந்திரத்தை முடுக்கச் சொல்லுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. உயர்த்தி நிறுத்திய கை தானே இறங்கினால் எண்ணெய் அழுத்தம் கசிகின்றது. சங்கிலித் தடமும் பற்சக்கரமும் தேய்ந்திருந்தால் செலவு மிகப் பெரிது. நன்கு சோதித்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையைப் பற்றி, சோதித்து வாங்கியவர் பின்னர் முறையிடுதல் கடினம். ஆகவே நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்க.

மூன்றாவது, உயிர். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லாத பழைய டிராக்டர், கால்வாய்க் கரையில் எமனாகும். சுழலும் தண்டின் மூடியும் பிரேக்கும் சரியாக உள்ளனவா எனக் காண்க. விலை மலிவென்று இவற்றை விட்டுக்கொடுத்தல் ஆகாது.

முதலில் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து, வேலை நிலையாகக் கிடைக்கின்றதா என்று கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. பலர் சேர்ந்து வாங்குவதாயின் பங்கு, பொறுப்பு, பழுதுச் செலவு யாவும் எழுத்தில் இருக்கட்டும். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்களையே வாங்கியது. ஒற்றுமையும் ஒழுங்கான கணக்குமே அதற்கு அடிப்படை.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா? ஆராய்ந்து வாங்குவோம், உழைத்துச் சேர்த்ததைக் காப்போம்.