திரைக்குப் பெயரிடுதல்: இடுகுறியும் காரணமும் நிலைபேறும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரு வகையாகப் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. மண், மரம் ஆகியன இடுகுறி. பறவை, நாற்காலி ஆகியன காரணம் பற்றி வந்தவை. ஊர்ப்பெயர்களுக்கும் இப்பாகுபாடு பொருந்தும். மலாய் மொழியில் சுங்கை என்பது ஆறு. ஊடாங் என்பது இறால். சுங்கை ஊடாங் என்பது காரணப்பெயர். எனினும், இன்று ஆற்றில் இறால் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு எவரும் ஊரை அழைப்பதில்லை. காரணம் ஒரு பெயரைத் தோற்றுவிக்கலாம். அதனை நிலைபெறச் செய்வது தொடர்ந்த வழக்கே. கணினியில் திரைகளை இணைக்கும் செருகுவாய்களுக்குப் பெயரிடும் முறையை இவ்விலக்கண நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் மாறினால் என்ன நேரும்?

பள்ளி மண்டபத்தில் ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைக்கிறார் எனக் கொள்வோம். மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் தம் திரையில் மட்டும் இருக்கவேண்டும். பாடப்படங்கள் மண்டபத் திரையில் தோன்றவேண்டும். இவ்வமைப்பை அவர் ஒருமுறை செய்துவிட்டால், இயங்குதளம் அதனை நினைவிற்கொள்கிறது. அந்நினைவு தங்கியிருப்பது திரையைக் குறிக்கும் அடையாளத்தின்மேல். மறுநாள் அவ்வடையாளம் மாறினால், அமைப்பு பயனற்றுப் போகும். ஒரு திரைக்குரியது மற்றொன்றில் தோன்றவும் கூடும். பெற்றோர் நிறைந்த மண்டபத்தில் ஒரு மாணவனின் மதிப்பெண் வெளிப்படுவது சிறு பிழையன்று.

பெயர் அமையும் முறை

இயங்குதளத்துக்கும் திரைக்கும் இடையே நின்று பணியாற்றும் மென்பொருள் வரைகலை இயக்கி எனப்படும். 1991-இல் தோன்றிய லினக்ஸ் இயங்குதளத்தின் நடைமுறை யாவரும் படித்தறியும் வகையில் திறந்திருப்பதால், அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் திரையின் அளவையும் முறைமையையும் அமைக்கும் பொறுப்பு, 2009-இல் வெளிவந்த 2.6.29 பதிப்பு முதல், இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே வரத்தொடங்கியது. கரு ஒவ்வோர் இணைப்பிக்கும் ஒரு பெயர் தருகிறது. 'எச்.டி.எம்.ஐ.-ஏ-1', 'டி.பி.-2', 'இ.டி.பி.-1' என்பன அத்தகைய பெயர்கள்.

இப்பெயருக்கு இரு பகுதிகள் உண்டு. முற்பகுதி இணைப்பியின் வகையைச் சொல்கிறது. எச்.டி.எம்.ஐ.-ஏ என்பது அவ்வகையின் ஏ வடிவச் செருகுவாய், டி.பி. என்பது டிஸ்பிளேபோர்ட்; இ.டி.பி. என்பது மடிக்கணினியின் உள்ளேயே பொருத்தப்பட்ட திரைக்கான இணைப்பு. இப்பகுதி காரணப்பெயர். பிற்பகுதியாகிய எண்ணோ, அவ்வகை இணைப்பிகள் கருவிடம் பதிவு பெறும் வரிசையில் வழங்கப்படுவது. சிக்கல் இவ்வெண்ணில்தான் தொடங்குகிறது.

வருகை வரிசையால் வரும் குறை

காலையில் வகுப்பறைக்குள் முதலில் நுழைபவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என நாள்தோறும் எண் வழங்கினால் வருகைப் பதிவேடு என்னவாகும்? ஒரே வரைகலை அட்டை உள்ள எளிய கணினியில் அனைவரும் நாள்தோறும் ஒரே வரிசையில் வருவர், குறை தெரியாது. இரண்டு அட்டைகள் இருப்பின், எதன் இயக்கி முந்தி எழுகிறதோ அதன் இணைப்பிகள் முன் எண்களைப் பெறுகின்றன. டிஸ்பிளேபோர்ட் வழியாக ஒரே கம்பியில் பல திரைகளை இணைக்கும் கருவியைக் கழற்றி மீண்டும் செருகும்போதும், இணைப்பிகள் புதிதாகப் பிறப்பதால், எண் மாறிவிடக்கூடும்.

இயக்கிக்கு இயக்கி வழக்கு வேறுபடுவது மற்றொரு குறை. கரு 'எச்.டி.எம்.ஐ.-ஏ-1' என்றழைக்கும் செருகுவாயை, எக்ஸ் சாளர அமைப்பில் இன்டெல் இயக்கி 'எச்.டி.எம்.ஐ.1' என்றும், பொது இயக்கி சிறுகோடிட்டு 'எச்.டி.எம்.ஐ.-1' என்றும் அழைத்தன. மனிதர் கண்ணுக்கு இவை ஒன்றே. ஒரு புள்ளி மாறினும் வேறு சொல்லாகக் கொள்ளும் கணினிக்கு இவை மூன்று பெயர்கள்.

நிலைபேற்றுக்கு மூன்று வழிகள்

முதல் வழி, இடத்தால் பெயரிடுதல். கம்பிவழி வலையமைப்புக் கருவிகள் முன்னர் 'ஈத்0', 'ஈத்1' என வருகை வரிசையில் பெயர்பெற்றன. 2013-இல் வெளிவந்த சிஸ்டம்டி 197-ஆம் பதிப்பு, கருவி பொருத்தப்பட்ட தடத்தையும் துளையையும் கொண்டு பெயர் அமைக்கும் முறையைக் கொணர்ந்தது. திரைகளிலும், ஒரு கம்பியில் பல திரைகள் கிளைக்கும்போது எந்த வழியாக எந்தக் கிளையில் திரை உள்ளது என்பதைத் தெரிவிக்கும் பண்பு ஒன்றை லினக்ஸ் வைத்துள்ளது.

இரண்டாம் வழி, திரையையே அடையாளம் காணுதல். 1994-இல் வெசா அமைப்பு வகுத்த 'இ.டி.ஐ.டி.' என்னும் 128 பைட்டுத் தகவல்தொகுதியில் தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி, பொருள் எண், வரிசை எண் ஆகியன உள்ளன. இது நம் அடையாள அட்டை எண்ணைப் போன்றது. மலாக்காவில் பிறந்தவரின் பன்னிரண்டு இலக்கங்களுள் இடம்பெறும் 04 என்னும் குறி, அவர் ஜொகூருக்குக் குடிபெயர்ந்தாலும் மாறுவதில்லை. ஆயினும் சில தயாரிப்பாளர்கள் வரிசை எண்ணைச் சுழியமாகவே விட்டுவிடுகின்றனர். அவ்வாறாயின் ஒருங்கே வாங்கிய இரு திரைகளைப் பிரித்தறிய இயலாது. இதனால் குனோம் போன்ற மேசைச்சூழல்கள் இணைப்பியின் பெயரையும் தயாரிப்பாளர், பொருள், வரிசை எண்களையும் சேர்த்தே குறித்துவைக்கின்றன.

மூன்றாம் வழி, குறையுள்ள பெயரேயாயினும் வழங்கியதை மாற்றாதிருத்தல். இதற்குத் தமிழெழுத்தே சான்று. ஒருங்குறித் தரத்தில் ஆய்த எழுத்தின் ஆங்கிலப் பெயர் 'தமிழ் சைன் விசர்கா'. இந்திய எழுத்துகளை ஒரே சட்டத்தில் அமைத்த இஸ்கி முறையைப் பின்பற்றியதால், வடமொழி விசர்க்கத்தின் இடமும் பெயரும் ஆய்தத்துக்கு வந்தன. இலக்கண நோக்கில் இது பிழை. எனினும், 1996-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதல் எழுத்துப்பெயர்களை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதி. அப்பெயரை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உடையாதிருக்கவே இவ்வுறுதி. அருகில் 'ஆய்தம்' என்ற விளக்கக்குறிப்பு மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது. லினக்ஸ் கருவை எழுதுவோரும், பயனர் நிரல்களை உடைக்கலாகாது என்பதை நெறியாகக் கொண்டுள்ளனர். ஆகவே இணைப்பிகளின் பழைய பெயர்களை ஒரே நாளில் திருத்திவிட முடியாது. பழையதை வைத்துக்கொண்டே கூடுதல் அடையாளங்களை அருகில் சேர்க்கவேண்டியுள்ளது.

எதனைத் தேர்வது?

சுவரில் நிலையாகப் பொருத்திய திரைக்கு இடத்தால் வரும் பெயர் ஏற்றது. பழுதுற்ற திரையை மாற்றினாலும் அமைப்பு நிற்கும். அறைக்கு அறை எடுத்துச்செல்லும் திரைக்கு அதன் சொந்த அடையாளமே ஏற்றது. வருகை எண்ணை மட்டும் நம்பி எழுதும் அமைப்பு இரண்டுக்கும் உதவாது. பள்ளிக் கணினிக்கூடத்தைப் பேணும் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற்கொள்வது நலம். மாணவர்களோ, தம் கணினியில் காணும் பெயர்களைத் தொகுத்து, எப்பகுதி காரணம், எப்பகுதி வெறும் வரிசை எனப் பகுத்துப் பார்க்கலாம். நன்னூலைப் பயிலும் வகுப்பிலேயே அதற்கு இடமுண்டு.